சனிக்கு எந்த விளக்கு?

இந்தத் திண்டுக்கல்லில் பூட்டுச் செய்து பிழைக்கும் தொழிலாளி, ஏழரைச் சனிக்குப் பயந்து வாரக்கூலியை எள் விளக்குக்கும் தட்சணைக்கும் கொடுக்கிறார். அந்தச் சனி என்னவென்று நாம் பார்க்க வேண்டாமா?

1977-இல் வாணியம்பாடி அருகே காவலூரில், யுரேனஸ் கிரகத்தையொட்டி ஒரு நட்சத்திரத்தின் ஒளி மங்கியதை அளந்தார்கள். வேறிடங்களிலும் மங்கிற்று, மறைத்தவை வளையங்களென்று விளங்கிற்று. அதே முறையில் 1981-இல் வாயேஜர் 2 விண்கலம், அனுஷத்து நட்சத்திரமொன்றின் ஒளியைச் சனியின் வளையங்களினூடே அளந்தது. அடர்ந்த இடத்தில் ஒளி குறைந்தது, இடைவெளியில் கூடிற்று. அந்தக் கணக்கில் ஆயிரக்கணக்கான கீற்றுகள் தெரிந்தன. அவை எவை? பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள்!

அனுஷத்துக்குச் சனியே அதிபதி என்கிறார் ஜோசியர். விஞ்ஞானியோ அந்த அனுஷத்தையே விளக்காக்கிச் சனியைப் பார்த்தார். எள் விளக்கால் யார் எதைப் பார்த்தார்கள்? பனிக்கட்டிக்கு நம்மீது பகை ஏது? எண்ணெய்க் காசில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குங்கள் என்கிறோம்.