தெர்சு உசாலா: வழிகாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பிரயாண நூல்களை விரும்பி வாசிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். ஆபிரிக்கக் காடானாலும் சரி, அரேபியப் பாலைவனமானாலும் சரி, வெள்ளைக்காரப் பிரயாணி தாம் பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதுவார். எத்தனை மைல் நடந்தார், எத்தனை நாள் பட்டினி கிடந்தார், எந்த மிருகத்தைச் சுட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவருக்கு முன்னால் நடந்து வழி காட்டியவனோ 'ஒரு சுதேசி' என்ற அளவில் முடிந்துபோவான். பெரும்பாலும் பெயர் இராது. பெயர் இருந்தாலும் அவன் வாயால் ஒரு வார்த்தை வந்திராது.

அந்த வழக்கத்தை மீறிய ஒரு ரஷ்ய நூலைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறேன். வழிகாட்டியின் பெயரே நூலின் பெயர்: 'தெர்சு உசாலா'. எழுதியவர் விளாதிமிர் அர்சேனியெவ். இவர் 1872இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். இராணுவ அதிகாரியாகி, 1900ஆம் ஆண்டு ரஷ்யாவின் தூரகிழக்குக்குப் போனவர், 1930இல் விளாடிவொஸ்டொக்கில் இறக்கும் வரை அந்த மண்ணை விட்டுப் பிரியவில்லை. உசூரிப் பிரதேசத்தில் தாம் செய்த பயணங்களை 1921இல் ஒரு நூலாகவும் 1923இல் இன்னொரு நூலாகவும் வெளியிட்டார். இரண்டாவது நூலுக்குத்தான் தெர்சுவின் பெயர். ஆனால் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். வரைபடத்தில் சீனாவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். உசூரி ஆற்றுக்கும் யப்பான் கடலுக்கும் நடுவே சிகொதே-அலின் என்றொரு மலைத்தொடர் நீளமாகக் கிடக்கிறது. அந்தப் பகுதி 1860ஆம் ஆண்டுப் பீக்கிங் ஒப்பந்தத்தின் மூலமே சீனாவிடமிருந்து ரஷ்யாவின் கைக்குப் போனது. வடக்கும் தெற்கும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் விசித்திரமான காடு அது. பனிப் பிரதேசத்துப் பைன் மரத்தில் காட்டுத் திராட்சைக் கொடி படர்ந்திருக்கும். கரடி நடக்கும் பனியிலே புலியும் நடக்கும். ஜின்செங் கிழங்கு தோண்டுகிறவர்களும் தோலுக்காக விலங்குகளைப் பிடிக்கிறவர்களும் மாதக் கணக்காக அங்கே அலைவார்கள். ஆதிக் குடிகளான நானாய், உதேகே, ஒரோச் மக்களுக்கு அது வீடு.

இந்தக் காட்டுக்குள் அர்சேனியெவ் சில சிப்பாய்களோடு படம் வரையப் போகிறார். ஓரிரவு நெருப்பைச் சுற்றி அவர்கள் அமர்ந்திருக்கையில் இருட்டில் கல் உருளும் ஓசை கேட்கிறது. கரடியாக்கும் என்று ஒருவன் துவக்கை எடுக்கிறான். சுட வேண்டாம், மனிதன் வருகிறேன் என்று ஒரு குரல். மான்தோல் சட்டையும் பழைய துவக்கும் முதுகிலே பொதியுமாக ஒருவர் வந்து நெருப்பருகே குந்துகிறார். நானாய் இனத்தவர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி பிள்ளைகளை அம்மை நோய் கொண்டுபோய்விட்டது. வீடு இல்லை. காடு முழுவதும் அவருடைய இருப்பிடம்.

வேடன் என்றதும் தமிழில் 'அவன்' என்று எழுதுவது எமக்குக் கைவந்துவிட்ட பழக்கம். நான் தெர்சுவை 'அவர்' என்றே சொல்லப் போகிறேன். இதற்கு வயது மட்டும் காரணமல்ல; அவருடைய மொழியே காரணம்.

தெர்சுவின் ரஷ்ய மொழி உடைந்த மொழி. வேற்றுமை இல்லை, காலம் இல்லை. காட்டிலே சீனரும் ரஷ்யரும் ஆதிக் குடிகளும் ஒருவரோடொருவர் பேசப் பழகிய கலப்பு மொழி அது. அதில் அவர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறார்: 'மனிதர்'. காட்டுப்பன்றியும் மனிதர். காகமும் மனிதர். எறும்பும் மனிதர். நெருப்பும் நீரும் காற்றும் பலம் மிக்க மனிதர். அவர்களுக்குக் கோபம் வந்தால் தாங்க முடியாது. எல்லாருக்கும் பெரிய மனிதர் சூரியன். அவர் செத்தால் எல்லாரும் சாவோம். அடுப்பிலே வெடித்துச் சடசடக்கும் விறகுக் கட்டையைக்கூட அவர் கூடாத மனிதர் என்று ஏசுகிறார். சிப்பாய்கள் சிரிக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுவைக்கும் என்று எண்ணுகிறேன். மனிதரை உயர்திணையென்றும் மற்றெல்லாவற்றையும் அஃறிணையென்றும் பிரித்துவைத்த இலக்கணம் எம்முடையது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே அந்தப் பிரிவினையோடுதான். தெர்சுவின் இலக்கணத்தில் அஃறிணை என்று ஒன்றில்லை. அப்படி ஒருவரைத் தமிழில் பேச வைப்பது எப்படி? 'பன்றி வந்தது' என்று எழுதினால் தெர்சு போய்விடுவார். 'பன்றியார் வந்தார்' என்றால் சிறுவர் கதையாகிவிடும். இந்த நூலை மொழிபெயர்க்க யாராவது முன்வந்தால் முதலில் முட்டிக்கொள்ளப் போவது இந்தத் திணைச் சுவரோடுதான்.

இந்த இலக்கணம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சாப்பிட்டு மிஞ்சிய இறைச்சித் துண்டொன்றை அர்சேனியெவ் நெருப்பில் எறிகிறார். தெர்சு பதறிப்போய் அதை எடுத்து ஒரு பக்கம் வைக்கிறார். நாளைக்கு நாங்கள் போய்விடுவோம், பிறகு வேறு மனிதர் வந்து சாப்பிடுவார்கள் என்கிறார். வேறு எந்த மனிதர் இந்த வனாந்தரத்துக்கு வரப்போகிறார்கள் என்று கப்பித்தான் கேட்கிறார் (அர்சேனியெவ்வை அவர் கப்பித்தான் என்றுதான் அழைப்பார்). காகம் வரும், எலி வரும், எலி இல்லாவிட்டால் எறும்பு வரும் என்பது பதில்.

இன்னொரு நாள் பாழடைந்த குடிசையொன்றில் இராத்தங்குகிறார்கள். விடிந்ததும் தெர்சு அதன் கூரையை மரப்பட்டை போட்டுச் செப்பனிடுகிறார், விறகு வெட்டி அடுக்குகிறார். பிறகு கொஞ்சம் அரிசியும் உப்பும் நெருப்புக் குச்சியும் கேட்கிறார். அவற்றைப் பத்திரமாகப் பொதிந்து குடிசைக்குள்ளே தொங்கவிடுகிறார். நீர் திரும்பி இங்கே வருவீரா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறார். வேறு யாராவது வருவார்கள். உலர்ந்த விறகும் நெருப்பும் உணவும் கண்டால் சாகமாட்டார்கள். தாம் ஒருநாளும் காணப்போகாத மனிதனுக்காக அவர் இதைச் செய்கிறார். ஆசிரியர் இங்கே நீண்ட வியாக்கியானம் எழுதவில்லை. தம் சிப்பாய்கள் புறப்படும்போது மிஞ்சிய விறகை நெருப்பில் போட்டு வேடிக்கை பார்த்ததையும், அதில் தாமும் குறை காணாததையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். பயண இலக்கியத்தில் இப்படியான ஒரு வரி பத்துப் புலி வேட்டைகளுக்குச் சமம்.

சாகசம் வேண்டுவோருக்கும் குறைவில்லை. கான்கா ஏரிக்கரை அத்தியாயம் ஒன்றே போதும். ஏரியோரச் சதுப்பில் இருவரும் வழி தவறிவிடுகிறார்கள். பொழுது சாய்கிறது, பனிப்புயல் எழும்புகிறது, மரமென்று சொல்ல ஒன்றுமில்லை. புல்லை வெட்டு, வெட்டு என்று தெர்சு விரட்டுகிறார். வெட்டி வெட்டிக் களைத்துக் கப்பித்தான் விழுந்துவிடுகிறார். விழித்துப் பார்த்தால் புற்குவியலுக்கும் அதன்மேல் விழுந்த பனிக்கும் அடியிலே உயிரோடு கிடக்கிறார். வழக்கமான சாகச நூலில் கதாநாயகன் தன் சாமர்த்தியத்தால் தப்புவான். இதிலே கதாநாயகன் சொன்னதைச் செய்ததால் தப்புகிறான்.

நூலைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அர்சேனியெவ் காட்டுக்குள் போனது இயற்கையை இரசிக்க அல்ல. 1904-05இல் யப்பானோடு நடந்த போரில் ரஷ்யா தோற்றிருந்தது. கடற்கரைக்குப் போகும் கணவாய்களும் பாதைகளும் இராணுவத்துக்குத் தெரியவேண்டியிருந்தது. காட்டை அறிந்த தெர்சுவின் கால்கள் காட்டைப் பிடித்துக்கொள்ளும் அரசின் வரைபடத்துக்கு உதவின. வரைபடத்தின் பின்னால் தெருவும் கோடரியும் வந்தன. இன்னொன்று, சீனரைப் பற்றி அர்சேனியெவ் எழுதும் பக்கங்கள். ஆதிக் குடிகளைக் கடனில் மாட்டிச் சுரண்டிய சீன வியாபாரிகள் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு, அதே மண்ணைச் சீனரிடமிருந்து எடுத்துக்கொண்ட பேரரசின் அதிகாரி வாயிலிருந்து வருகிறது. வாசிக்கையில் இதை மறக்கக் கூடாது.

தெர்சு என்ற பாத்திரமும் முழுக்க முழுக்க நடந்தபடி எழுதப்பட்டதல்ல. முதல் சந்திப்பை நூல் 1902இல் வைக்கிறது. அர்சேனியெவ்வின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தவர்களோ உண்மைச் சந்திப்பு 1906இல்தான் நிகழ்ந்தது என்று காட்டியிருக்கிறார்கள். முன்னைய பயணங்களின் அனுபவங்களையும் வேறு வழிகாட்டிகளையும் ஆசிரியர் தெர்சுவுக்குள் சேர்த்திருக்கிறார். அப்படியானால் பெயரற்றுப் போன வேறு சிலரும் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். வழிகாட்டிக்குப் பெயர் கொடுத்த நூலிலும் இந்தக் கணக்குத் தீரவில்லை.

கதையின் முடிவு 1907, 1908ஆம் ஆண்டுகளில். தெர்சுவின் கண் மங்குகிறது. குறி தவறுகிறது. வேடனுக்கு அதுதான் மரணம். தன்னோடு கபரோவ்ஸ்க் நகரத்துக்கு வந்து வாழும்படி கப்பித்தான் அழைக்கிறார், அன்போடுதான் அழைக்கிறார். நகரத்திலே தெர்சுவுக்கு ஒரு சிறு அறை, அடுப்பு, படுக்கை. தண்ணீருக்குக் காசு கொடுப்பதைக் கண்டு அவர் திகைக்கிறார். ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறதே! விறகுக்கும் காசா? பூங்காவில் மரம் தறிக்கப் போனவரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீதியில் கூடாரம் அடிக்க முடியாது, துவக்குச் சுட முடியாது. பல மணி நேரம் அடுப்பின் முன்னே குந்தி நெருப்பைப் பார்த்தபடி இருக்கிறார். அந்த நகரத்தில் அவருக்குத் தெரிந்த 'மனிதர்' நெருப்பு ஒன்றுதான்.

இந்த அத்தியாயம் சிறியது. ஆயினும் நூலின் உயிர் இதிலேதான் என்பது என் எண்ணம். இதில் கொடியவன் யாருமில்லை. கப்பித்தான் மனதாரக் கொடுக்கிறார். கொடுத்ததெல்லாம் சுவராக நிற்கிறது. ஆதிக் குடிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் திட்டங்களை உலகமெங்கும் பல அரசுகள் செய்திருக்கின்றன. அவற்றின் அறிக்கைகளை வாசிப்பதைவிட இந்த அறையையும் அடுப்பையும் பற்றி வாசிப்பது பயன் தரும்.

ஒருநாள் தெர்சு காட்டுக்கே திரும்பிப் புறப்படுகிறார். அதிக நாள் செல்லவில்லை, தந்தி வருகிறது. கோர்ஃபோவ்ஸ்கயா என்ற ரயில் நிலையத்துக்கு அண்மையில், தாம் மூட்டிய நெருப்பின் அருகே அவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். துவக்கைக் காணோம். உறைந்த நிலத்தைத் தோண்டி, இரண்டு பெரிய கேதுரு மரங்களை அடையாளமாக வைத்துப் புதைக்கிறார்கள். பின்னொரு காலம் அர்சேனியெவ் தேடி வருகையில் மரங்களும் இல்லை, புதைகுழியும் இல்லை. புதிய தெரு வந்திருக்கிறது.

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா இந்தக் கதையை 1975இல் சோவியத் நாட்டிலே ரஷ்ய மொழியில் படமாக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் தற்கொலைக்கு முயன்று பிழைத்திருந்த ஒரு கலைஞர் இந்தக் கதையைத் தேடிப் போனது யோசிக்க வைக்கும் விஷயம். துவா இனத்தைச் சேர்ந்த மக்சிம் முன்சுக் தெர்சுவாக நடித்தார். நடித்தார் என்று சொல்லவே மனம் வராது. 1976இல் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. படத்திலே கப்பித்தான் அன்பளிப்பாகக் கொடுக்கும் புதுத் துவக்கே கொலைக்குக் காரணமாகிறது. நூலில் மறைவாக இருந்த ஒரு கசப்பைக் குரோசாவா வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

அர்சேனியெவ்வின் நூலை மக்சிம் கோர்க்கி மெச்சினார். ஆனால் ஆசிரியர் இறந்த பின்னரும் அரசு அவரை விட்டபாடில்லை. அவர் தலைமையில் இயங்கியதாகச் சொல்லப்பட்ட உளவுக் குழுவொன்றில் சேர்ந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, 1938இல் அவருடைய மனைவி மார்கரீத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். எந்த அரசுக்காகப் படம் வரைந்தாரோ அது கவிழ்ந்து, அடுத்து வந்த அரசும் அவர் குடும்பத்துக்கு நிழலாகவில்லை. பிறகு 1952இல் ஒரு நகரத்துக்கு அர்சேனியெவ் என்று பெயரும் வைத்தார்கள்!

காட்டின் கதி முற்றாக மோசமில்லை. சிகொதே-அலினில் 1935இலேயே ஒரு காப்பகம் அமைந்தது. 2001இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உதேகே மக்கள் வாழும் பிக்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கு 2015இல் தேசிய பூங்காவாயிற்று. புலிகள் இன்றும் இருக்கின்றன. நானாய் மக்கள் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரஷ்யாவில் சுமார் 12,000 பேர். அவர்களுடைய மொழியைப் பேசுவோரோ அதில் சிறு தொகையினரே.

ஆங்கிலத்தில் மல்கம் பர் 1939இல் செய்த மொழிபெயர்ப்பு உண்டு. பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் தேடிப் பாருங்கள். செடி கொடிகளின் பட்டியலும் ஆறுகளின் பெயர்களும் நிறைந்த பக்கங்கள் அலுப்புத் தட்டினால் தாண்டிப் போகலாம். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தாண்டினேன். குடிசை அத்தியாயத்தையும் கான்கா ஏரியையும் மட்டும் தவற விடாதீர்கள்.