தண்டவாளம் போன பின்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் பேசுவோர் பெரும்பாலும் புலவர்களாக இருப்பர்; இல்லையேல் அதிகாரிகளாக இருப்பர். யாம் இரண்டும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். எமக்குத் தெரிந்த பொருள் இரண்டே. ஒன்று தண்டவாளம், மற்றொன்று மிதிவண்டி. இவ்விரண்டும் ஓரிடத்தில் கைகோத்து நிற்பதைச் சென்ற மே மாதம் இங்கிலாந்தில் கண்டோம். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

எம் தமக்கையார் மகன் பிரிஸ்டல் நகரில் மருத்துவமனை ஒன்றில் பணி புரிகிறான். பயணச் சீட்டை அவனே அனுப்பி, "மாமா, ஒருமுறை வந்து போங்கள்" என்று வற்புறுத்தி அழைத்தான். இலண்டன் மாநகரின் அரண்மனைகளைக் காட்டுவான் என்று எண்ணிப் போனோம். அவனோ இரண்டு மிதிவண்டிகளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தான்.

ஆசன்சோல்வாசிகளாகிய நமக்கு இங்கிலாந்து மிதிவண்டி அயலானதன்று. நாட்டிங்காம் நகரத்து ராலே நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த சென்-ராலே ஆலை 1950களில் இவ்வூரில்தான் வண்டிகள் செய்தது. ஆலை மூடிக் கிடக்கிறது. சாலையின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. யாம் நாள்தோறும் அலுவலகம் போய்வரும் வண்டியும் அவ்வாலையில் பிறந்து, மூன்று கைகள் மாறி எம்மிடம் வந்ததே.

பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்கு 13 மைல் நீளத்தில் ஒரு பாதை உண்டு. அதில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்போர்க்கும் மிதிப்போர்க்குமே அது உரியது. நாற்பது வயதைக் கடந்து, முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கிய எமக்கு மேடு ஏறுவது பற்றிச் சிறிது அச்சம் இருந்தது. ஆனால் இரண்டு மைல் சென்றும் மூச்சு வாங்கவில்லை. சரிவு மிக மெல்லியது, வளைவுகளோ அகலமானவை. மருமகனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் சிரித்துக்கொண்டே, "இது உங்கள் இலாகாவின் சொத்துத்தான் மாமா" என்றான்.

ஆம், அது ஒரு பழைய இருப்புப்பாதை. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால், முன்னோர் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தரையைச் சமன் செய்தனர். எஞ்சினுக்காகச் செய்த உபகாரம் இன்று எம் முழங்காலுக்கு உதவியது. 1869இல் மிட்லண்டு இருப்புப்பாதைக் கம்பெனியார் திறந்த பாதை அது. 1966இல் பயணி வண்டிகள் நின்றன. அதற்கு முன், 1963இல், டாக்டர் பீச்சிங் என்பவர் அளித்த அறிக்கை ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் 2,300க்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடச் சொல்லியிருந்தது. வருவாயை நிறுத்துப் பார்த்த தராசில் அந்தச் சிற்றூர்கள் தேறவில்லை.

வழியில் மாங்கட்ஸ்ஃபீல்டு என்னும் பழைய நிலையம் வந்தது. கூரையில்லை, சுவர்களும் நடைமேடையும் மட்டுமே எஞ்சியுள்ளன. அங்கே இறங்கி நின்றபோது எமக்குப் பழைய நினைவொன்று வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், குறுகிய இருப்புப்பாதை நிலையம் ஒன்றில் சீட்டுக் கொடுக்கும் எழுத்தராக இருந்தோம். அப்பாதை மூடப்பட்ட நாளில் கடைசிச் சீட்டு ஒன்றைக் காய்கறிக் கூடையுடன் வந்த ஒரு மூதாட்டிக்குக் கொடுத்தோம். அவர் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "நாளைக்கு வண்டி நேரத்துக்கு வருமா, பாபு?" என்று கேட்டார். நாளை வண்டியே இல்லை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அந்நிலத்தை முள்ளும் குப்பையும் மூடின. மூடிய பாதை என்றால் செத்த பாதை என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

பிரிஸ்டல் மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. 1977இல் அந்நகரத்தார் சிலர் கூடி ஒரு சிறு கழகம் கண்டனர். பின்னாளில் சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் நாடறிய வளர்ந்தது அதுவே. தொண்டர்கள் தாமே மண்வெட்டி பிடித்தனர். 1979இல் பாத் நகர்ப் பக்கம் முதல் ஐந்து மைல் பணி தொடங்கியது. 1986இல் 13 மைலும் முடிந்தன. 1995இல் பரிசுச் சீட்டு நிதியிலிருந்து 4 கோடியே 25 இலட்சம் பவுன் கிடைத்தது. அதன் துணையால் நாடெங்கும் மிதிவண்டிப் பாதைகளைப் பின்னத் தொடங்கினர். மண்வெட்டி முன்னே போயிற்று. பணம் பின்னே வந்தது.

பாதையின் இருமருங்கும் வேலிச் செடிகள் வெண்பூக்களைச் சொரிந்து நின்றன. ஏவன் ஆறு ஒளிந்தும் வெளிப்பட்டும் உடன் வந்தது. பிட்டன் நிலையத்தில் ஆர்வலர்கள் நீராவி வண்டியைப் பேணி ஓட்டுகின்றனர். நடைமேடையில் தேநீர் பருகினோம். கரிப்புகை மணத்தில் எமக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

மறுநாள் பாத் நகரிலிருந்து தெற்கே சென்றோம். 1966இல் மூடப்பட்ட சாமர்செட்-டார்செட் இருப்புப்பாதையின் இரண்டு குகைகளை 2013இல் மிதிவண்டிக்குத் திறந்திருக்கிறார்கள். அவற்றுள் கூம் டவுன் குகையின் நீளம் 1,672 மீட்டர். உள்ளே விளக்கொளியும் மெல்லிசையும் உண்டு, கோடையிலும் குளிர்ச்சி. ஆயினும் அங்கே யாம் சற்று நின்று தலை குனிந்தோம். 1929இல் ஒரு சரக்கு வண்டி இக்குகையில் மெதுவாக மேடேறியபோது, காற்றோட்டமின்றிப் புகை சூழ்ந்து, ஓட்டுநரும் கரி தள்ளுபவரும் மயங்கி விழுந்தனர். ஆளின்றி ஓடிய வண்டி இறக்கத்தில் பாய்ந்து பாத் நகரத்துச் சரக்குப் பணிமனையில் கவிழ்ந்தது. ஓட்டுநர் உள்ளிட்ட மூவர் மாண்டனர். இன்று அதே குகையில் சிறுமியர் மணியடித்துக்கொண்டு போகின்றனர்.

குகைக்கு அப்பால் மிட்ஃபோர்டு சிற்றூர். அங்கிருந்து வளைந்து சென்றால் டண்டாஸ் நீர்ப்பாலம். 1805இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் மேலே கால்வாயில் படகு போகிறது. கீழே ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் புகைவண்டி செல்கிறது. கால்வாய்க் கரையின் பழைய குதிரைப் பாதை வழியே பாத் நகருக்குத் திரும்பினோம். முன்பு குதிரைகள் அதில் நடந்து படகுகளை இழுத்தனவாம். வட்டம் முழுவதும் ஏறத்தாழ 13 மைல். எம் போன்றோர்க்கு ஒருநாள் வேலை.

குறையே இல்லையோ எனில், உண்டு. மூடிய பல பாதைகளின் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டனர். பாலங்களை இடித்தும் விட்டனர். அவற்றை மீண்டும் இணைக்க இன்று பெரும்பாடு படுகின்றனர். காத்து வைத்த இடத்தில் பாதை எளிதாயிற்று. விற்ற இடத்தில் அது அறுந்தது.

அன்பர்களே, இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறோம்? இரண்டாண்டுகளுக்கு முன்வரை இவ்விழாவில் முன்வரிசையில் அமர்ந்து, பாட்டு முடியும் முன்பே கைதட்டும் நண்பர் ஒருவர் இருந்தார். இரவுப் பணிக்கு மிதிவண்டியில் போனவரை நெடுஞ்சாலையில் லாரி ஒன்று மோதிச் சாய்த்தது. அவ்வண்டியின் கைப்பிடியில் சோற்றுப் பாத்திரம் தொங்கியபடி இருந்தது. அன்று முதல் நம் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கித் தரப் பெற்றோர் அஞ்சுகின்றனர். யாமும் எம் மகளுக்கு வாங்கித் தரவில்லை.

அந்தச் சிறுமியர் மணியடித்துச் சென்றபோது எம் கண் நிறைந்தது இதனால்தான். நம் குடியிருப்பின் பின்புறம் பழைய நிலக்கரிக் கிளைப்பாதை ஒன்று பள்ளிக்கூடம் வரை கிடக்கிறது. தண்டவாளம் போய்விட்டது; கருங்கல் சல்லியும் வேலிகாத்தானும் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து திரும்பிய மறுவாரம் அதில் ஒரு மாலை நடந்து பார்த்தோம். பதினெட்டு நிமிடங்களில் பள்ளி வாயிலை அடைந்தோம். நெடுஞ்சாலையை ஓரிடத்திலும் கடக்க வேண்டியதில்லை.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அந்நிலத்தைப் பிள்ளைகளின் பாதையாக விட்டுத்தருமாறு கோட்ட மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவோம். வங்காளிகளும் இந்திக்காரர்களும் நம்மோடு கையொப்பமிடுவர். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்பதை யாம் அறிவோம். எழுப்பும் பொறுப்பை எம்மிடம் விடுங்கள். அனுமதி வந்ததும் முதல் ஞாயிறன்று மண்வெட்டியோடு யாம் நிற்போம், நீங்களும் வருக.

முதலில் அதில் போக வேண்டியது மறைந்த நண்பரின் மகன். அவன் பின்னால் எம் மகள் போவாள். அவளுக்கு வண்டி வாங்க இம்மாதம் முதல் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.