கழுத்து லேபிளில் யார் பெயர்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம பேசறேன். ராப் ஆல்பங்களைப் பற்றி ஒரு அமர்வு என்றதும் மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ‘2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதம் வரி போட்டப்ப ஊரே ஆடிப்போச்சு. கூலி இருக்கு, பி.எப். இருக்கு. இதுல பாட்டைப் பத்தி என்னய்யா பேச்சு?’ என்றார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த ஊரில் பவர்டேபிளில் உட்காரும் பையன், ஒன்றரை ஷிப்ட் முழுக்கக் காதில் மாட்டியிருப்பது பாட்டைத்தான். பன்னிரண்டு மணி நேரம் அவன் காதுக்குள் பேசுகிற குரல் யாருடையது என்பது அரசியல் கேள்வி இல்லையா?

இந்த விவாதம் நமக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் பறையைப் பற்றி இதே சண்டை நடந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம், பறையையே கொளுத்துவோம் என்று ஒரு தரப்பு. அது இழிவுக்காக நம் தலையில் கட்டப்பட்டது, அதையே விடுதலையின் கருவியாகத் திருப்பி அடிப்போம் என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. சாவு மேளத்தை மறுத்தவன் ஊரில் உதை வாங்கினான், மேடையில் பறை அடித்தவன் அதற்குக் கலை என்ற மரியாதையை வாங்கித் தந்தான். அந்த இரண்டு பேரும் போட்ட பாதையில்தான் இன்றைய பாட்டுக்காரன் நடந்து வருகிறான்.

ராப் அமெரிக்கச் சரக்கு, நமக்கு எதுக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் ஒரு வீட்டு விருந்தில் இசைத்தட்டு சுழற்றிய நாளை அதன் பிறந்த நாள் என்பார்கள். நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்து நொறுக்கப்பட்ட கறுப்பர், போர்ட்டோரிக்கர் குடியிருப்பு அது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். கறுப்பருக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் அப்போதே உண்டு.

தமிழில் ராப் வந்ததும் சேரி வழியாக இல்லை. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ கொண்டு வந்தார்கள். அடுத்து, பக்கத்துக் கோயம்புத்தூரிலிருந்து ஹிப்ஹாப் தமிழா 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்ற ஆல்பம் போட்டார்கள். தமிழில் ராப் ஓடும் என்று நிரூபித்தது அவர்கள்தான், மறுக்க வேண்டாம். ஆனால் அங்கே பேசப்பட்ட ‘தமிழன்’ யார்? அவனுக்கு ஊர் இருக்கிறது, காளை இருக்கிறது, வீரம் இருக்கிறது. சேரி மட்டும் இல்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைக்கிறவனும், அதில் குடிக்கிறவனும் ஒரே தமிழனாகிவிடுகிறான். இது யாருக்கு வசதி?

அதை உடைத்தது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கினார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. பெயரே அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. மாட்டுக்கறி தின்பதை ஒளித்துச் சொல்லிப் பழகின நாக்கு, அதை மைக்கில் சிரித்துக்கொண்டே பாடியது. என் கருத்தில் அந்தக் குழுவின் பலம் மேடைதான். பதிவில் கேட்கும்போது சூடு கொஞ்சம் ஆறித்தான் வருகிறது. கூட்டத்தின் பதில் குரல் இல்லாமல் அந்தப் பாட்டுகள் பாதிதான்.

அந்தக் குழுவில் வந்தவர் அரக்கோணத்து அறிவு. 2019இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற ஆல்பம் போட்டார். ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ள மௌனி’ இரண்டும் அதில் உள்ளவை. கேள்வி கேட்டால் தேசவிரோதி என்று முத்திரை குத்துகிறவனை முதல் பாட்டு பிடிக்கிறது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காதவனை இரண்டாவது பிடிக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதே பெரிய பாட்டு. திட்டுகிறவனை அடையாளம் காண்பது சுலபம். கம்பெனியில் நம்மோடு டீ குடிப்பான், தோள் மேல் கை போடுவான், ஊர்த் தெருவில் செருப்புப் பிரச்சினை வந்தால் மட்டும் காணாமல் போய்விடுவான். அவனை இந்தப் பாட்டு கேட்க வைக்கும்.

2024இல் அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ வெளியிட்டார். அந்தத் தலைப்பை யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ‘இன்னார் பேரன்’ என்று மார் தட்டுகிறவன் யார்? காணி வைத்திருந்தவன், பட்டம் வைத்திருந்தவன், அதுவும் அப்பன் வழியில் மட்டும். இங்கே ஒருத்தர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய பாட்டியின் பெயரைப் பரம்பரைப் பட்டமாகப் போட்டுக்கொள்கிறார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களின் வரலாறு எந்தப் பாடப்புத்தகத்தில் ஒழுங்காக இருக்கிறது? பாட்டில் இருக்கிறது.

சரி, அரசியல் பேசாத பாட்டு? பால் டப்பா என்ற பெயரில் பாடுகிற அனிஷின் ‘காத்து மேல’ 2024இல் வந்தபோது, அயர்னிங் டேபிளிலிருந்து செக்கிங் டேபிள் வரைக்கும் எல்லா செல்லிலும் அதுதான் ஓடியது. ‘கொள்கை இல்லாத கூத்து’ என்று ஒரு தோழர் எழுதினார். எனக்கு உடன்பாடு இல்லை. நம்ம பையன் எப்பவும் அழுதுக்கிட்டோ முஷ்டி மடக்கிக்கிட்டோதான் பாடணுமா? நாக்கு துள்ளுற வேகம், கேலி, உடம்பு ஆடுற சந்தோஷம், இதையும் நம்மகிட்டயிருந்து பறிச்சவன்தான் சாதி. துள்ளுவது உரிமை. துள்ளலோடு நின்றுவிடுகிறதா என்று அடுத்தடுத்த ஆல்பங்களில் பார்த்துக் கேட்போம்.

இனி கசப்பான விஷயம். கேரளத்தில் வேடன், 2020இல் ‘குரலற்றவர்களின் குரல்’ என்று பாடித் தெரிய வந்தவர். திருச்சூர்க்காரர், அம்மா யாழ்ப்பாணத் தமிழர். அவர் எழுத்தின் வலுவில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2021இல் பெண்கள் அவர்மீது குற்றச்சாட்டு எழுப்பினார்கள், அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். 2025இல் வழக்கும் பதிவானது. வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். நாம் முடிவு செய்ய வேண்டியது வேறு. ‘நம்ம ஆளு, விட்டுக்கொடுக்கக்கூடாது’ என்று சொல்லி, புகார் சொன்ன பெண்ணின் வாயை நாமே அடைக்கப் போகிறோமா? சாதி வன்மத்தோடு அவரைத் தாக்குகிறவர்களை எதிர்ப்போம். பெண்ணின் புகாரையும் கேட்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரியாத இயக்கம், பாதிப் பேருக்கான இயக்கம். பிசிறு வெட்டுகிறவர், செக்கிங் பார்க்கிறவர், கைமடி எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் ராப் எங்கே? கானா மேடையேறிய இசைவாணியை 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. ஐயப்பனைப் பற்றிய பாட்டுக்காக இங்கே அவருக்குக் கிடைத்தது மிரட்டல்.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். நான் பதினோரு வருஷம் ஓவர்லாக் ஓட்டினவன். ஒரு டி-சர்ட் எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியும். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். கடைசியில் கழுத்தில் ஒரு லேபிள். அதில் நாம யாரும் இல்லை. 2024–25இல் இந்த ஊர் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது. நம் பெயர் அதில் எங்கே? பாட்டுக் கம்பெனியையும் லேபிள் என்றுதான் சொல்கிறார்கள். பொருத்தமான பேர்தான்.

‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. அறிவு எழுதி, தீயுடன் பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்கும் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அவர் மேடையில் இல்லை. மற்றவர்கள் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். யார் எதைச் செய்தார் என்ற பங்கு விவாதம் இருக்கட்டும். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சொன்னார். இத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கு இதுதான் நிலை என்றால், நம் தெருவில் செல்லில் பதிவு செய்கிற பையனின் கதி?

அதனால் பாடுகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பீஸ் ரேட் பேசாமல் துணியைத் தொடமாட்டீர்கள் அல்லவா, பாட்டுக்கும் அப்படித்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிய ராயல்டி உரிமையை யாரும் மொத்தமாக எழுதி வாங்க முடியாது. எழுதின தேதியோடு வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள். இது கலைக்கு இழுக்கு இல்லை, கூலிக் கணக்கு.

அடுத்தது மொழி. நம் பையன்கள் ராப் பாட ஆரம்பித்ததும் வடசென்னை பாஷைக்குத் தாவுகிறார்கள். அது அந்த மக்களின் உழைப்பில் விளைந்த மொழி, நாம் இரவல் வாங்கி எத்தனை நாள் ஓட்டுவது? சினிமாவில் கொங்குத் தமிழ் என்றால் பண்ணையார் வீட்டுத் தமிழ். சக்கிலியத் தெருவின் கொங்குத் தமிழ் எந்தப் பாட்டில் இருக்கிறது? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, அதற்காகவே ‘நீ தமிழனா’ என்று கேட்கப்படுகிற அருந்ததியர் பிள்ளை, அந்தக் கலப்பிலேயே பாடட்டுமே. பக்கத்து மிஷினில் ஒடிசாக்காரன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மண்ணில் கோராபுட்டிலிருந்து சுமீத் சமோஸ் என்ற தலித் இளைஞர் ராப் பாடுகிறார். அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குங்கள், நம் பாட்டைக் கொடுங்கள். சங்கம் கட்ட முடியாத இடத்தில் பாட்டு முதல் கதவைத் திறக்கும்.

கடைசியாக, எதிரியும் பாட்டுப் போடுகிறான். திருவிழாவிலும் கல்யாண வண்டியிலும் அரிவாள், மீசை, ஆண்ட பரம்பரை என்று ஓடுகிறதே, அதற்கும் இப்போது ராப் தாளம்தான். நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சங்கரை வெட்டினார்கள். இருபத்திரண்டு வயசு, இன்ஜினியரிங் மாணவன். குற்றம், சாதி மாறிக் கல்யாணம் செய்தது. வெட்டுகிற கையைப் பாட்டு உருவாக்குவதில்லை. ஆனால் வெட்டினதற்குப் பிறகு அது வீரம் என்று சொல்லித் தருவது அந்தப் பாட்டு. அது பள்ளிக்கூடப் பிள்ளையின் காதில் விழும்போது, எதிரே நம் குரல் ஒன்று கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்குக் கேட்டேன்.

என் கருத்தைச் சொல்லிவிட்டேன். பால் டப்பாவைப் பற்றிச் சண்டை போட வந்த தோழர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் முதலில் பேசட்டும். ஜெய்பீம்.