பாம்புக்கடி மருந்தும் எதிர்ப்பொருள் பாடமும்



எதிர்ப்பொருள் பாடத்தை நான் பாம்பிலிருந்துதான் தொடங்குவேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று சோழபுரத்துப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள். தோட்டங்காட்டில் பார்த்தவர்கள் அல்லவா!

வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. அங்கே நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். பலவகை பி செல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். ஒன்று நஞ்சுப் புரதத்தின் ஓரிடத்தைப் பிடித்தால் மற்றொன்று வேறிடத்தைப் பிடிக்கும். இந்தக் கலவைதான் பாலிகுளோனல்.

ஆய்வகத்தில் புரதத்தைக் கண்டறியவும் இதே பிடிப்புதான். முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளோடு நிறம் தரவல்ல நொதியை இணைத்தால், புரதம் உள்ள இடத்தில் நிறம் தெரியும். பல இடங்களில் பிடிப்பதால் சிறிதளவு புரதமும் சிக்கும். சில வேளை தொடர்பில்லாத புரதமும் சிக்கிவிடும். ஆகவே அப்புரதம் இல்லாத மாதிரி ஒன்றையும் உடன் வைத்துச் சோதிப்பார்கள்.

எதிர்ப்பொருளும் புரதமே. சூடு அதை என்ன செய்யும் என்பதற்கு வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைக் காட்டினால் போதும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினாலும் கெடும். எனவே ஆய்வகத்தில் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். திரவ நஞ்சுமுறி மருந்துக்கோ 2 முதல் 8 டிகிரி, உறையவே கூடாது. உலர்தூளாக்கினால் குளிர்பெட்டி இல்லாத ஊரிலும் தாங்கும்.

மாணவர்களிடம் ஒன்றை விடாமல் சொல்வேன். இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் எதிர்ப்பொருள் பிடிக்கும். ஏற்கெனவே அழிந்த திசுவை மீட்காது. கயிறு கட்டுவதும் கீறுவதும் மந்திரிப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். கரும்பலகையில் படத்துக்குப் பக்கத்திலேயே 108 என்று எழுதிவிடுகிறேன்.