எலி மீசையும் வெள்ளைக் கோலும்



எலி என்றாலே முகம் சுளிப்போம், பொறி வைப்போம். ஆனால், கும்மிருட்டில் எதிலும் முட்டிக்கொள்ளாமல் அது எப்படி ஓடுகிறது என்று யோசித்திருக்கிறோமா? எலிக்குக் கண்பார்வை சுமார்தான். வழி காட்டுவது அதன் மீசை.

அந்த மீசை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. நொடிக்கு 5 முதல் 15 முறை வரை முன்னும் பின்னும் வீசித் துழாவுகிறது. ஒரு முடி சுவரில் பட்டதும் அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தாலமஸ் என்ற பகுதிக்கும், பிறகு மூளையின் மேலுறைக்கும் போகிறது. சுண்டெலியின் மூளையில் ஒவ்வொரு மீசை முடிக்கும் தனித்தனி நரம்பணுக் கூட்டம் இருப்பதை 1970-இல் உல்சி, வான் டெர் லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

உணர்வதற்கு ஒரு பகுதி, அசைப்பதற்கு வேறு பகுதி என்பதுதான் பாடப்புத்தகம் சொல்வது. 2010-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் சுண்டெலியின் தொடுவுணர்வுப் பகுதியைத் தூண்டிப் பார்த்தார்கள். மீசை பின்னுக்கு இழுத்துக்கொண்டது! அசைவுப் பகுதியைத் தூண்டியபோது, முன்னால் வீசித் துழாவியது. ஆக, உணரும் பகுதியும் அசைவுக்குக் கட்டளை இடுகிறது. தொடுவதற்காக அசைகிறது, தொட்ட பிறகு அசைவை மாற்றிக்கொள்கிறது. இரண்டும் ஒரே சங்கிலி.

எலியோடு மனிதரை ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். இயற்கை எல்லா உயிருக்கும் கற்றுக்கொடுத்த பாடம் இது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் நம் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைக் கவனியுங்கள். வலது கால் முன்னே வரும்போது கோல் இடப்பக்கம் தட்டுகிறது. அடுத்து இடது கால் வைக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்கிறது. தட்டிய செய்தி கைக்கு வந்ததும் கால் முடிவு செய்கிறது.

நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதும் இதற்காகத்தான். 1967-இல் ஜப்பானின் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் நடக்கலாம். புள்ளிகள் என்றால் நிதானிக்க வேண்டும்.

அந்த ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் என்ன ஆகும்? 'ரெண்டு நிமிஷம்தானே' என்போம். அங்கே அறுபடுவது ஒருவருடைய தொடுவுணர்வுக்கும் நடைக்கும் உள்ள தொடர்பு. அடுத்த அடி சாலையில் விழலாம். தீபாவளி நேரத்தில் கிள்ளான் கடை அஞ்சடிகளில் பெட்டிகளை அடுக்கும் வியாபாரிகளுக்கும் இதே வேண்டுகோள்தான்.

இன்னொன்று. உதவி செய்கிறேன் என்று அவர்களுடைய கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். அது அவர்களின் விரல் நுனி மாதிரி. முதலில் கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அவர்களே பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

வழிவிடுவதற்குப் பணம் தேவையில்லை, நேயர்களே, மனம் இருந்தால் போதும்.