பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள்

கொடைக்கானல் நாயுடுபுரத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் கைக்குழந்தையோடு ஏறி இறங்கும் தாய்மார்களுக்கு இன்றைய தகவல்.

பால் கொடுக்கும்போது குனியாதீர்கள். பிள்ளையிடம் நீங்கள் குனிய வேண்டாம். பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை வையுங்கள். கொடைக்கானல் குளிருக்குக் கம்பளி இல்லாத வீடு ஏது? அதை மடித்து வைத்தாலும் போதும். பிள்ளையின் பாரத்தை அது தாங்கும். கழுத்தும் தோளும் தப்பிக்கும்.

கர்ப்பத்தில் இளகிய மூட்டுகள் பிரசவமானதும் உடனே இறுகிவிடாது. சில மாதம் ஆகும். அதனால்தான் முதுகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. தூளியிலிருந்து தூக்கும்போதும் முழங்காலை மடக்குங்கள், குனியாதீர்கள்.

சிசேரியன் ஆனவர்கள் 6 வாரத்துக்குப் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை வீட்டு ஆண்கள் தூக்கட்டும்.