மோரன் வரையாமல் விட்ட ரயில்பாதை



புலம்பெயர்ந்தவர் தீட்டிய நிலக்காட்சிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நான் ஒரே ஓவியத்தை முன்வைக்கிறேன். தாமஸ் மோரன் 1881-இல் தீட்டிய 'கிரீன் ரிவர் பாறைகள், வயோமிங்'. எண்ணெய் வண்ணம், இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

மோரன் 1837-இல் இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளர். விசைத்தறி பிழைப்பைப் பறித்தது; 1844-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறி பிலடெல்பியாவில் குடியமர்ந்தது. இங்கே கூடியிருக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தறி ஓசை நின்ற வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

1871-இல் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயச் சென்ற ஹேடன் குழுவில் சேரப் போகும் வழியில், மோரன் ரயிலிலிருந்து இறங்கிய இடம் கிரீன் ரிவர். வறண்ட மேட்டுநிலம், நடுவே ஓர் ஆறு, கரையில் பட்டை பட்டையாக நிறம் மாறும் செங்குத்துப் பாறைகள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த ஏரிகளின் வண்டல் இறுகி உருவானவை அவை. டர்னரின் ஓவியங்களை லண்டனில் பார்த்துப் பார்த்து நகலெடுத்துப் பயின்ற கை, அந்தக் காவியையும் பொன்மஞ்சளையும் வாழ்நாள் முழுதும் விடவேயில்லை. அதே பாறைகளை மீண்டும் மீண்டும் தீட்டினார்.

1881-ஆம் ஆண்டுப் படத்தில் பூர்வகுடியினர் குதிரைகளில் வரிசையாகச் செல்கிறார்கள். ஊர் இல்லை. ஆனால் 1868-லேயே யூனியன் பசிபிக் ரயில்பாதை அங்கு வந்துவிட்டது. மோரன் இறங்கியபோது பாலமும் விடுதியும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருந்தன. தம்மைக் கொண்டுவந்து சேர்த்த ரயிலையே அவர் படத்தில் சேர்க்கவில்லை.

இதைப் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இயந்திரத்தால் ஊரை விட்ட நெசவாளியின் மகன், இயந்திரம் தொடாத ஒரு நிலத்தைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன். ஆனாலும் அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ரயில் மறைந்ததும், பூர்வகுடியினரின் நிலம் பறிபோன காரணமும் சேர்ந்து மறைந்தது. வாழ்ந்துகொண்டிருந்த மக்கள் பழங்கால உருவங்களாகிவிட்டார்கள். 1872-இல் இவருடைய யெல்லோஸ்டோன் ஓவியத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது என்பதை நினைத்தால், இத்தகைய படங்களுக்கு இருந்த செல்வாக்கு புரியும்.

நம் திணை மரபு இங்கே நமக்கு உதவும். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்தே பாலை ஆகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அதன் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போகிறவனும் வழிப்பறி செய்யும் எயினரும் உப்பு வண்டி ஓட்டும் உமணரும் அந்த வறட்சிக்குள் நடமாடுகிறார்கள். வெறும் பாறையும் வானமுமாக ஒரு பாலையை நம் புலவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வு, 1792-93-இல் தென்னாட்டில் சுற்றி வரைந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரையும் பற்றியது. கட்டுரையாளர்கள் அவர்களுடைய மாமல்லபுரத்தை நம் முன் வைக்கும்போது, கோயிலைப் பார்த்து முடித்தபின், கரையில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள், யாரை விட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.